சவரியாருக்கு அடித்த மணி

சவரியாரைச் சாகடித்தவன் நான்தான். கத்தி, கம்பு எதுவும் எடுக்கவில்லை. ஒரு மணிக்கயிறு போதுமாயிருந்தது. அவருக்கும் எனக்கும் முன்பகை கிடையாது. சொல்லப்போனால் அதற்கு முன் அவரை நான் பார்த்ததுகூட இல்லை. செத்த பிறகு ஏற்பட்ட பழக்கம்தான்.

ஏலாக்குறிச்சியிலிருந்து வண்டிப்பாதையில் கொஞ்ச தூரம் போனால் கொள்ளிடக் கரையில் ஒரு சிற்றூர் வரும். ஒரு மாதா கோயில், அதை ஒட்டி ஒரு பள்ளிக்கூடம், சுற்றிலும் கிறிஸ்தவக் குடும்பங்கள். நாற்பத்தாறாம் வருஷம், கோடை விடுமுறை. பிள்ளைகள் இல்லாத வகுப்பறையில், பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில் முழங்காலை மடக்கிக்கொண்டு நாங்கள் நாலு பேர் கதை எழுதிக்கொண்டிருந்தோம். மத்தியானம்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது என்பது சட்டம். உச்சிவேளை நெருங்கும்போது எங்கள் தலைவர் மரியசூசை வாத்தியார் ஒரு துண்டுக் காகிதத்தை என் பக்கம் நகர்த்தினார். "செல்லக்கண்ணு, மணி அடிக்கவும்" என்று எழுதியிருந்தது.

எந்த மணி என்று எழுதவில்லை. எப்படி அடிப்பது என்றும் எழுதவில்லை. கேட்கலாமென்றால் வாயைத் திறக்கக் கூடாது. வாத்தியார் மனசில் இருந்தது பள்ளிக்கூட வராந்தாவில் தொங்கிய தண்டவாளத் துண்டு. நான் போய் நின்றது கோயில் மணிக்கூண்டின் அடியில். மௌனத்தில் இருப்பவர்கள் திடுக்கிட்டுவிடக் கூடாதே என்று கயிற்றை மெதுவாக இழுத்தேன். ஒரு அடி. அதன் ரீங்காரம் முழுக்க அடங்கும்வரை நின்றேன். அப்புறம் இன்னொரு அடி. மறுபடி நின்றேன். என் வாழ்க்கையில் இத்தனை நாகரிகமாக நான் எதையும் செய்ததில்லை.

வாலிகண்டபுரத்தில் பிறந்தவனுக்கு மாதா கோயில் மணியைப் பற்றி என்ன தெரியும்? அந்தக் கொள்ளிடக் கரை ஊரில் மணி படபடவென்று அடித்தால் பூசைக்கு வா என்று அர்த்தம். ஒவ்வொன்றாக, விட்டுவிட்டு அடித்தால் துக்கமணி. ஊரில் ஒரு உயிர் போய்விட்டது, போட்டது போட்டபடி வா என்று அர்த்தம்.

ஊர் வந்துகொண்டிருக்கட்டும். அதற்குள் நான் அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு அரியலூரில் ஒரு கடலை மண்டியில் கணக்கு எழுதும் வேலை. மிச்ச நேரத்தில் கதை எழுதுவேன். சென்னைப் பத்திரிகைகளுக்கு அனுப்புவேன். போன வேகத்தில் திரும்பி வரும். வந்தவற்றையெல்லாம் கட்டுக்கட்டாகப் பரணில் ஏற்றிவைப்பேன். சண்டைக் காலம் முடிந்தும் விறகுத் தட்டுப்பாடு முடியவில்லை. என் மனைவி பொன்னுத்தாய் அடுப்பை ஊதும்போதெல்லாம் அந்தப் பரணை ஒரு பார்வை பார்ப்பாள்.

மரியசூசை வாத்தியார் 'கரும்பலகை' என்று ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்திவந்தார். காகிதக் கட்டுப்பாட்டில் அச்சடிக்க வழியில்லாத காலத்தில் தொடங்கியது. மாசம் ஒரே ஒரு பிரதி, எல்லாம் அவர் கையெழுத்து. அது ஊர் ஊராகப் போகும். கடைசியில் சில பக்கங்கள் வெறுமையாக இருக்கும். படித்தவர்கள் அபிப்பிராயம் எழுதி அடுத்த ஆளுக்கு அனுப்பவேண்டும். அரியலூரில் அது என்னிடம் வரும். பெரம்பலூருக்கு எடுத்துப் போவது தங்கசாமி. அவர் ரஞ்சன்குடிக்காரர், பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடும் பஸ்ஸில் கண்டக்டர். அவரும் எழுதுவார். அவருடைய கதைகள் பாதி வழியில் நின்றுவிடும். ஏன் என்று அபிப்பிராயப் பக்கத்தில் யாராவது கேட்டால், "கரி தீர்ந்துவிட்டது. இறங்கித் தள்ளவும்" என்று பதில் எழுதுவார்.

இன்னொருவர் தெரசம்மாள். வாத்தியாரின் அக்கா, வரதராசன்பேட்டையில் டீச்சர். அவருடைய கதையில் ஒரு பெண் இரண்டு பக்கத்துக்கு ஒரு தட்டைக் கழுவுவாள். வேறெதுவும் நடக்காது. படித்து முடித்தால் மறுபடி முதலிலிருந்து படிக்கத் தோன்றும், எதற்கென்று சொல்லத் தெரியாது. என் கதைகளுக்குக் கீழே அவர் மாசாமாசம் ஒரே வார்த்தைதான் எழுதுவார்: "படித்தேன்." அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று யோசித்தே நான் மண்டியில் பல மூட்டைகளைத் தப்பாகக் கூட்டியிருக்கிறேன்.

இப்படி எழுத்தில் மட்டுமே பழகிய நாங்கள் ஒரு வாரம் ஒன்றாக உட்கார்ந்து எழுதினால் என்ன என்று வாத்தியாருக்குத் தோன்றியது. கிறிஸ்தவர்கள் வருஷத்தில் சில நாள் வேலையை விட்டுவிட்டு மௌனமாக ஜெபத்தில் இருப்பார்களாம். ஞான ஒடுக்கம் என்று பெயர். அதே மாதிரி இது கதை ஒடுக்கம் என்று கடிதம் எழுதியிருந்தார். அவரவர் ரேஷன் அரிசியை அவரவர் கொண்டுவர வேண்டியது.

பொன்னுத்தாயிடம் ஒடுக்கத்துக்குப் போகிறேன் என்றேன். எங்கள் பக்கத்தில் ஒடுக்கம் என்றால் சாமியார்கள் குழிக்குள் உட்கார்ந்து உயிரோடு சமாதி ஆவது. அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "குழியெல்லாம் வெட்டியாச்சுங்களா?" என்று கேட்டாள்.

விளக்கிச் சொன்னேன். விளக்கிச் சொல்வதில் நான் சூரன். முழுவதும் கேட்டுவிட்டு அவள் ஒரு தீர்ப்புச் சொன்னாள்.

"அங்க விசயம் தெரிஞ்சவங்க இருப்பாங்கல்ல, யாராச்சும் ஒருத்தர்கிட்ட நேரா கேட்டுட்டு வாங்க. நீங்க எழுதுறது கதையா, இல்லையா. ஆமான்னா பரணு ஒங்களுக்கு. இல்லைன்னா அடுப்புக்கு."

நியாயமாகத்தான் பட்டது. ஒரு படி அரிசி கூடுதலாகவே கட்டிக் கொடுத்தாள்.

ஆனால் நேரான பதிலைத் தேடி நான் போன இடம் எப்படிப்பட்டது என்று பாருங்கள். வாத்தியார் போட்ட முதல் விதியே, சொல்ல வந்ததைச் சொல்லாதே என்பதுதான். கோபத்தைக் கோபம் என்று எழுதாதே, மோர்க் குவளையை எப்படி வைத்தாள் என்று எழுது, மிச்சத்தை வாசகன் பார்த்துக்கொள்வான் என்றார். பயிற்சியும் கொடுத்தார். புருஷனும் பெண்டாட்டியும் மோரைப் பற்றி மட்டும் பேசவேண்டும், அவர்கள் சண்டையில் இருப்பது தெரியவேண்டும். நான் எழுதினேன்: "'மோர் வேண்டுமா?' என்றாள் அவள். (அவள் கோபமாயிருந்தாள். காரணம், முந்தின நாள் அவன் அவளுடைய தம்பியைத் திட்டியிருந்தான்.)" தங்கசாமி எட்டிப் பார்த்தார். அடைப்புக்குறிக்குள் ஒரு குடும்பமே குடியிருக்கிறது, அண்ணே, டிக்கெட் வாங்கினார்களா என்றார்.

முதல் நாள் சாயங்காலம் நான் ஊரிலிருந்து கொண்டுபோன கதையைப் படித்தேன். ஒரு தியாகப் பெண்ணின் கதை. அவள் ஏன் தியாகி, தியாகம் ஏன் உயர்ந்தது என்று முடிவில் ஒரு பக்கம். படித்து முடித்துவிட்டு, பொன்னுத்தாயின் கேள்வியைப் போட்டேன். தங்கசாமி இங்க் நல்ல இங்க், எங்கே வாங்கியது என்று விசாரித்தார். வாத்தியார், நிறைய உழைத்திருக்கிறீர்கள் என்று சொல்லி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தெரசம்மாள் கொஞ்சம் யோசித்து, "கேட்டேன்" என்றார்.

மறுநாள்தான் மணி அடித்தது.

கயிற்றை விட்டுவிட்டு நான் வெளியே வந்தபோது கோயில் வாசலில் ஊர் பாதி நின்றது. மீதிப் பாதி ஓடிவந்துகொண்டிருந்தது. பங்குச்சாமியார் கும்பகோணம் போயிருந்தார். வழக்கமாக மணி அடிக்கும் உபதேசியார் மண்ணெண்ணெய் வாங்கப் போயிருந்தார். அதனால் இல்லை என்று சொல்ல ஆள் இல்லை. யார் என்று யாரும் கேட்கவும் இல்லை. சவரியார் ஒரு மாசமாகப் படுக்கை. போன வாரம்தான் சாமியார் வந்து அவஸ்தைப்பூசுதல் கொடுத்துவிட்டுப் போனார். சாகப்போகிறவர்களுக்குச் செய்வது அது. மணி அடித்ததும் ஊர் தானாகவே பெயரைப் போட்டுக்கொண்டது. ஒரு பையன் உறவுக்காரர்களுக்குச் சொல்லச் சைக்கிளில் ஏறிவிட்டான். மண்வெட்டியோடு ஒரு ஆள் கல்லறைத் தோட்டத்துக்கே போய்விட்டான்.

இது எனக்குப் புரியவந்த நேரத்தில், கூட்டத்துக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

"யாருப்பா போனது?"

தலையில் துண்டு, கையில் தடி. சவரியார். படுக்கையில் கிடந்தவர் மணிச் சத்தம் கேட்டு, வீட்டில் ஒருவரும் இல்லாததைப் பார்த்து, யார் என்று விசாரிக்கத் தானே எழுந்து வந்துவிட்டார்.

ஊர் அப்படியே நின்றது. துணி துவைக்கப் போன ஆற்றிலிருந்து, தலையை அவிழ்த்துப் போட்டு மாரில் அடித்துக்கொண்டு ஓடிவந்த அவருடைய இளைய மருமகளின் கை மாரிலேயே நின்றுவிட்டது.

"என்னாம்மா?"

"நெஞ்சு எரிச்சல், மாமா," என்றாள் அவள்.

கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பிய ஆள் மண்வெட்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்தான். வாழைக்கன்று வைக்கலாமென்று போனதாகச் சொன்னான். "கல்லறையிலயாடா?" என்றார் சவரியார். அவன் மண் நல்ல மண் என்றான். கிழவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். அவர் யாரைக் கேட்டாலும் வெயிலைப் பற்றிச் சொன்னார்கள். சும்மா வந்தோம் என்றார்கள். அவருக்கு விஷயம் எப்போது புரிந்தது என்று எனக்குத் தெரியாது. ஆனால் தடியை ஊன்றி நின்று, வந்திருப்பது யார் யார் என்று நிதானமாகப் பார்க்க ஆரம்பித்தார்.

அப்போது வயல் பக்கத்திலிருந்து ஒருவர் ஓடிவந்தார். முழங்கால்வரை சேறு. கூட்டம் தானாக விலகி வழிவிட்டது. அது ஞானமுத்து, சவரியாரின் மூத்த மகன் என்று, பள்ளிக்கூடத்திலிருந்து மற்றவர்களோடு வந்து நின்ற வாத்தியார் என் காதில் சொன்னார். பாகப்பிரிவினையில் ஏதோ ஒரு பேச்சு வந்து, அப்பனும் மகனும் இரண்டு வருஷமாகப் பேசுவதில்லையாம். ஒரே களத்தில் நெல் காயவைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார்களாம்.

ஞானமுத்து அப்பனைப் பார்த்தார். மூச்சு வாங்கியது. தோளில் கிடந்த துண்டை எடுத்தார், என்ன செய்வதென்று தெரியாமல் திரும்பத் தோளிலேயே போட்டுக்கொண்டார்.

"வெயில்ல எதுக்கு வந்தீங்க?"

"மணி அடிச்சுது. யாருன்னு பாக்க வேணாமா?"

பிறகு கிழவர் மகனின் காலைப் பார்த்தார்.

"தண்ணி எறைச்சுக்கிட்டிருந்தியா?"

"ஆமா."

"கவலைய அப்படியே வுட்டுட்டு ஓடியாந்துட்டியா?"

மாட்டைக் கட்டித் தண்ணீர் இறைக்கும் கவலையைத்தான் கேட்டார்.

"வுட்டுட்டேன்."

"மாடு?"

"நிக்கிது."

"போயிப் பாரு."

ஞானமுத்து போகவில்லை. கிழவரும் இரண்டாம் தடவை சொல்லவில்லை.

அந்த இடத்தில் எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தெரசம்மாள் மட்டும் என்னைப் பார்த்தார். பேசிவிடாதே என்று சொல்கிற பார்வை என்று இப்போது தெரிகிறது. எனக்கு அப்போது அது, சொல்லித் தொலை என்று பட்டது. நான் முன்னால் போய்க் கையைக் கட்டிக்கொண்டு, மணி அடித்தது நான்தான், அது சாவு மணி என்று எனக்குத் தெரியாது, அவருக்காக அடிக்கவில்லை, சாப்பாட்டுக்காக அடித்தது என்று விளக்கமாகச் சொல்லி முடித்தேன்.

சவரியார் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"எனக்குன்னு நெனச்சுல்ல ஊரு ஓடியாந்திருக்கு. இப்ப இல்லைங்கறீங்களே, தம்பி." பிறகு கூட்டத்தைக் காட்டினார். "சரி, வந்தது வந்துட்டாங்க. சாவுக்கு வந்தவங்கள வெறும் வயித்தோட அனுப்பக் கூடாது. சாவடிச்சவரே கஞ்சி ஊத்திடட்டும்."

ஊர் சிரித்தது. அடக்கிவைத்திருந்த அழுகையும் சேர்ந்துகொண்டதால் சிரிப்பு ரொம்ப நேரம் ஓயவில்லை.

எங்களுக்கு ஒரு வாரத்துக்கான அரிசி முழுக்க ஒரே அண்டாவில் விழுந்தது. அண்டா கோயில் திருவிழாவுக்கு உள்ளது. தெரசம்மாள் உப்புப் போட்டார், தங்கசாமி 'உள்ளே போங்க, உள்ளே போங்க' என்று வரிசையை நகர்த்தினார். நான் அகப்பையைப் பிடித்தேன். கஞ்சி வாங்கும்போது ஒவ்வொருவரும், நல்லாயிருக்கிறது, அடுத்த தடவை யாருக்கு என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

அண்டாவைக் கழுவிக் கவிழ்த்த பிறகு வாத்தியார் என் பக்கத்தில் வந்து நின்று, நாளைக் காலையில் அரியலூருக்கு ஒரு வண்டி போகிறது என்றார். ஒடுக்கம் முடிந்துவிட்டது என்பதைத்தான் அப்படிச் சொன்னார். இந்தத் தடவை எனக்கே புரிந்தது. எல்லோர் அரிசியையும் தீர்த்துவிட்டு, பதிலும் வாங்காமல், அடுப்பு காத்திருக்கும் வீட்டுக்கு நான் போகவேண்டும்.

சாயங்காலம் சவரியாரின் மருமகள் சோற்றுக் கூடையோடு வந்தாள். தலை அழகாக முடிந்திருந்தது. நெஞ்சு எரிச்சல் எப்படி என்று தங்கசாமி விசாரித்தார். மாமா இரண்டு தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார், அதிலேயே சரியாகிவிட்டது என்றாள். காலையில் இன்னொரு வீட்டிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டார்கள். மத்தியானம் வேறொரு வீடு. அரியலூர் வண்டி எங்களை ஏற்றிக்கொள்ளாமலே போய்விட்டது. வேளைக்கு ஒரு வீடாகச் சாப்பிட்டு அந்த வாரத்தை முடித்தோம். எந்த வீட்டிலும், நீங்க வாலிகண்டபுரத்தில் எந்தப் பக்கம் என்று என்னைக் கேட்கவில்லை. எங்கள் ஜில்லாவில் அந்தக் கேள்வி எதற்குக் கேட்கப்படுகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். ஒரு வீட்டில் ஒரு அம்மாள் எனக்கு இலை போட்டுவிட்டு, தண்ணீர்ச் செம்பை என் கைக்கே கொடுத்தார். நான் கொஞ்சம் அதிகமாகவே தண்ணீர் குடித்தேன்.

சாப்பாட்டு வேளைகளுக்கு நடுவில், வாயை மூடிக்கொண்டு, நான் ஒரு கதை எழுதினேன். தன் சாவுக்குத் தானே துக்கம் கேட்க வந்த ஒரு கிழவரின் கதை. தியாகம் பற்றி ஒன்றும் வரவில்லை. கையை யாரோ பிடித்து இழுத்துப்போன மாதிரி ஓடியது. அடைப்புக்குறி போடக்கூட நேரமில்லை. முடிவில் மட்டும், படிக்கிறவர்களுக்குப் புரியாமல் போய்விடக் கூடாதே என்ற நல்லெண்ணத்தில், 'கவலை என்ற சொல்லுக்கு இங்கே இரண்டு பொருள் உண்டு' என்று தொடங்கி ஒரு பாரா எழுதிச் சேர்த்தேன். அதை எழுதியபோது எனக்கே கண் கலங்கியது.

கடைசி நாள் சாயங்காலம் படிப்பதாக ஏற்பாடு. வெயில் தாழ்ந்து வகுப்பறைக்குள் காற்று வந்துகொண்டிருந்தது. நான் காகிதத்தைப் பிரிக்கும்போது வாசலில் தடிச் சத்தம். சவரியார். பின்னால் ஞானமுத்து. நம்மைப் பற்றி ஏதோ எழுதியிருக்கிறாராமே, கேட்டுவிட்டுப் போகலாமென்று வந்தோம் என்றார் கிழவர். இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள், நடுவில் ஒரு ஆள் உட்காரும் இடம் விட்டு. சென்னை ஆசிரியர்கள் எவ்வளவோ மேல். அவர்கள் எதிரில் உட்கார்ந்து கேட்பதில்லை.

படித்தேன். கவலையை விட்டுவிட்டு ஓடிவந்த இடம் வந்தபோது பெஞ்சு கிரீச்சிட்டது. நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. கடைசிப் பாராவையும் உணர்ச்சியோடு படித்து முடித்தேன்.

காகிதத்தைக் கீழே இறக்கினேன்.

"எம் மூக்கு அவ்வளவு பெருசு இல்ல," என்றார் சவரியார்.

ஞானமுத்து தொண்டையைச் செருமிக்கொண்டார். "எங்க மாடு செவலை இல்லைங்க. மயிலை."

அவ்வளவுதான். எழுந்துகொண்டார்கள். போகும்போது கிழவருடைய ஒரு கை தடியின் மேலும் ஒரு கை மகனுடைய தோளின் மேலும் இருந்ததைப் பார்த்தேன். ஆனால் எனக்கு அப்போது வேறு அவசரம். தங்கசாமியைப் பார்த்தேன். வண்டி ஊர் வந்து சேர்ந்துவிட்டது, அண்ணே, ஆனால் நின்ற பிறகும் கொஞ்ச நேரம் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்த மாதிரி இருக்கிறது என்றார். வாத்தியாரைப் பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, இன்னொரு தடவை துடைத்தார்.

மிஞ்சியது தெரசம்மாள். அவர் மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாயைத் திறக்கப்போனார். என்ன வரப்போகிறது என்று எனக்குத் தெரியும். படித்தேன், கேட்டேன் இரண்டும் முடிந்துவிட்டது, இனி பார்த்தேன் என்பதுதான் பாக்கி. நான் குறுக்கே கையை நீட்டினேன்.

"டீச்சர், ஒங்களக் கும்புட்டுக் கேக்குறேன். சொல்லாம சொல்றதெல்லாம் கதையிலேயே இருக்கட்டும். எங்க வூட்டுல ஒரு அடுப்பு காத்துக்கிட்டிருக்கு. நான் எழுதினது கதையா, இல்லையா?"

அவர் என்னைப் பார்த்தார். காகிதத்தைக் கையில் வாங்கி, கடைசிப் பக்கத்தைத் திருப்பி, ஒரு இடத்தில் விரலை வைத்தார்.

"கதைதாங்க, செல்லக்கண்ணு," என்றார். "கடைசிப் பாராவுக்கு முன்னாடி வரைக்கும்."